அயல்நாடுகளில் இராணுவத் தலையீடும் கூட்டணிகளும்: நோக்கங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டின் படை மற்றொரு நாட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரே வாதம் மீண்டும் எழுகிறது. மக்களைக் காக்கச் சென்றார்கள் என்று ஒரு தரப்பும், கொள்ளையடிக்கச் சென்றார்கள் என்று மறு தரப்பும் பேசி ஓய்கின்றன. அந்த வாதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, ஆவணங்களாக வெளிவந்த செய்திகளைக் கொண்டு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

ஒரு நாடு படை அனுப்பியதன் உண்மையான நோக்கத்தைக் கண்டறிய முடியுமா?

பெருமளவு முடியும். ஆனால் நோக்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று எண்ணித் தேடினால் கிடைக்காது. 1965 மார்ச்சில், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் வியட்நாமின் தனாங் கரையில் இறங்கிய அதே மாதத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உதவிச் செயலராக இருந்த ஜான் மெக்நாட்டன் தம் அமைச்சர் ராபர்ட் மெக்னமாராவின் பார்வைக்கு ஒரு குறிப்பு எழுதினார். அங்கே அமெரிக்காவுக்கு என்ன வேலை என்பதை அவர் விழுக்காட்டுக் கணக்காகவே பிரித்து வைத்தார். மானக்கேடான தோல்வியைத் தவிர்ப்பதற்கு 70 விழுக்காடு. தென் வியட்நாமும் அதை அடுத்த பகுதிகளும் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பதற்கு 20. தென் வியட்நாம் மக்கள் மேலான, சுதந்திரமான வாழ்வு பெறுவதற்கு 10.

வியட்நாம் போர் பற்றிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இரகசிய ஆய்வான பென்டகன் ஆவணங்கள் 1971-இல் கசிந்தபோது இந்தக் குறிப்பும் உலகத்தின் கண்ணுக்கு வந்தது. மேடைகளில் அதிகம் முழங்கியது அந்தக் கடைசிப் பத்துதான். இருந்தாலும் அந்தப் பத்தை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. யாரையும் மயக்க வேண்டிய தேவையில்லாத இரகசியக் குறிப்பிலும் அவர் அதை எழுதியிருக்கிறார். எழுபதும் பத்தும் ஒன்றோடொன்று மோதிய நாளில் எது விட்டுக்கொடுத்தது என்று பார்க்க வேண்டும். நோக்கங்களின் எடை அப்போதுதான் வெளியே தெரிகிறது. வியட்நாம் சிற்றூர்களின் மேல் குண்டு விழுந்த ஒவ்வொரு நாளும் பத்துதான் விட்டுக்கொடுத்தது.

அப்படியானால் எல்லாமே ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதானா?

இந்தப் பழமொழி பல போர்களுக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருத்தினால் சில உண்மைகள் காணாமற்போகும்.

1971-இல் பாகிஸ்தான் படை நடத்திய கொலைகளுக்குத் தப்பி, இன்று வங்காளதேசமாக உள்ள கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் போர் மூண்டபோது, கிழக்கு வங்க மக்களைத் துன்பத்திலிருந்து மீட்பதைத் தவிர வேறு நோக்கமில்லை என்று இந்தியாவின் தூதர் ஐ.நா. பாதுகாப்பு அவையில் கூறினார். பாகிஸ்தான் இரண்டாக உடைவது இந்தியாவுக்கு நன்மை என்பதும், சீனாவோ அமெரிக்காவோ குறுக்கே வந்தால் துணை வேண்டும் என்பதற்காக ஆகஸ்ட் 9 அன்றே சோவியத் ஒன்றியத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை. போரை நிறுத்துமாறு ஐ.நா. பொது அவை 104-க்கு 11 என்ற வாக்குகளில் கேட்டுக்கொண்டது. இந்தியாவின் நோக்கம் தூய்மையாக இருந்ததா என்று கேட்டால் இல்லை என்பதே விடை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் கொலைகள் ஓய்ந்ததற்கு அந்தப் படை காரணமா என்று கேட்டால் ஆம் என்பதே விடை.

கம்போடியாவின் கதை இன்னும் கடினமானது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாமியப் படை நோம்பென் நகரைப் பிடித்தது. எல்லைத் தாக்குதல்களும், சீனாவோடும் சோவியத்தோடும் இருந்த பகையும் உறவும் அந்தப் படையெடுப்பின் முதன்மைக் காரணங்கள். ஆனால் ஏறத்தாழ 15 முதல் 20 லட்சம் உயிர்களைப் பலிகொண்ட போல் பாட் ஆட்சி அன்றோடு தலைநகரை இழந்தது. அதன் பின்னும் ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கை பல ஆண்டுகள் போல் பாட் தரப்பிடமே விடப்பட்டது. படையெடுத்தவரின் நோக்கத்தை மட்டும் எடைபோட்டு, படையெடுப்பால் யார் உயிர் பிழைத்தார் என்பதைப் பாராமல் விட்டதன் விளைவு அது. எனக்கு இன்றுவரை ஆறாத செய்திகளில் இதுவும் ஒன்று.

அறிவிக்கப்பட்ட காரணம் பொய் என்பதை எப்படி உணர்வது?

இதற்கு 1956-ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியைப் போல் தெளிவான பாடம் வேறில்லை. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அக்டோபரில் பாரிசுக்கு அருகில் உள்ள செவ்ரில் ஒரு வீட்டில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளின் ஆட்கள் மறைவாகக் கூடினார்கள். இஸ்ரேல் முதலில் தாக்குவது. பின்பு பிரிட்டனும் பிரான்சும் சண்டையை விலக்கிவிட வருவதுபோல் வந்து கால்வாயைக் கைப்பற்றுவது. இதுதான் அங்கே முடிவானது. பேசியது தாளில் எழுதப்பட்டுக் கையெழுத்தும் ஆனது என்று கேள்விப்பட்டதும் பிரிட்டிஷ் பிரதமர் ஆண்டனி ஈடன் பதறிப்போய், படிகளை வாங்கி அழித்துவிடச் சொல்லி மறுநாளே பாரிசுக்கு ஆள் அனுப்பினார். பிரிட்டனின் படி அழிக்கப்பட்டது. இஸ்ரேலின் படி அதற்குள் விமானம் ஏறியிருந்தது, அது பிழைத்தது.

அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் தாக்கியது. மறுநாள், இரு தரப்பும் கால்வாயிலிருந்து பத்து மைல் விலக வேண்டும் என்று பிரிட்டனும் பிரான்சும் இறுதி எச்சரிக்கை விடுத்தன. எகிப்து தன் சொந்த மண்ணிலிருந்து விலக வேண்டுமாம். இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று டிசம்பர் 20 அன்று ஈடன் நாடாளுமன்றத்தில் சொன்னார். அடுத்த மாதமே பதவி விலகினார். பிரிட்டனின் பணமான பவுண்டு சரிந்துகொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கா கைகொடுக்க மறுத்ததுதான் அந்தப் படையைத் திரும்ப வைத்தது.

இதிலிருந்து பொதுவாகச் சில அடையாளங்களைச் சொல்லலாம். ஒரு காரணத்துக்காகத்தான் போர் என்று சொல்கிறவர்கள், அந்தக் காரணம் வேறு வழியில் தீர வாய்ப்பு வந்தால் மகிழ வேண்டும். 2003 மார்ச் 7 அன்று ஈராக்கில் ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், பணியை முடிக்க ஆண்டுகள் தேவையில்லை, சில மாதங்கள் போதும் என்றார். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. பேரழிவு ஆயுதங்களைக் கண்டுபிடிப்பதுதான் கவலை என்றால், கண்டுபிடிக்கச் சென்றவர்களை வெளியேற்றிவிட்டுக் குண்டு போட வேண்டியதில்லை. போர் முடிந்து அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழு தேடியபோதும் ஆயுதக் குவியல் ஏதும் கிடைக்கவில்லை. அதற்குள் பேச்சு சனநாயகத்துக்கு மாறியிருந்தது. காரணம் இப்படி நடுவழியில் மாறுவது இரண்டாவது அடையாளம்.

மூன்றாவது, நெஞ்சைப் பிழியும் ஒரே ஒரு காட்சியின் மேல் முழு வாதமும் நிற்பது. 1990 அக்டோபரில், குவைத் மருத்துவமனையில் ஈராக்கிய வீரர்கள் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்துத் தரையில் சாகவிட்டதைத் தன் கண்ணால் கண்டதாக ஒரு பதினைந்து வயதுப் பெண் வாஷிங்டனில் கண்ணீரோடு சாட்சி சொன்னார். அவர் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், அந்தச் சாட்சியத்தை ஒரு விளம்பர நிறுவனம் ஏற்பாடு செய்தது என்பதும் போர் முடிந்த பிறகே தெரியவந்தது. குவைத்தை சதாம் உசேன் விழுங்கியது உண்மை; அதுவே போதிய குற்றம். அதன் மேல் பொய்யை ஏற்றியவர்கள், உண்மையின் மீதும் மக்கள் ஐயம் கொள்ளச் செய்தார்கள்.

போர்கள் எல்லாம் எண்ணெய்க்காகத்தானே?

குவைத்தில் எண்ணெய் இல்லாதிருந்தால் 1991-இல் அவ்வளவு பெரிய படை அங்கே திரண்டிருக்காது என்று நம்பலாம். 1953-இல் ஈரான் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்த சதியில் பிரிட்டனுக்கு எண்ணெயே முதன்மை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியிருந்தார். ஆனால் வியட்நாமிலும் ஆப்கானிஸ்தானிலும் எண்ணெயை வைத்து எதையும் விளக்க முடியாது. பெரிய நாடுகள் பணத்துக்காகப் போரிட்டதைக் காட்டிலும், பின்வாங்கினால் மதிப்புப் போய்விடும் என்ற அச்சத்தால் கூடுதலாகப் போரிட்டிருக்கின்றன. மெக்நாட்டனின் எழுபது விழுக்காடு அதைத்தான் சொல்கிறது.

"அந்த நாட்டு அரசே அழைத்தது" என்றால் தலையீடு நியாயமாகிவிடாதா?

சட்டப்படி, ஓர் அரசு தன் விருப்பத்தோடு அழைத்தால் அந்நியப் படை வரலாம். விருப்பம் யாருடையது, அது எப்படிப் பெறப்பட்டது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபோது அந்நாட்டுத் தலைவர்களே உதவி கேட்டதாக மாஸ்கோ அறிவித்தது. கேட்டவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. கட்சியின் ஐந்து கடும்போக்குத் தலைவர்கள் தம் சொந்தக் கட்சித் தலைமைக்குத் தெரியாமல் எழுதிய அந்தக் கடிதம், ப்ராட்டிஸ்லாவாவில் நடந்த மாநாட்டின்போது ஒரு கழிப்பறையில் கைமாறி சோவியத் தலைவர் பிரெஷ்னேவைச் சேர்ந்தது. திறக்கக் கூடாது என்ற குறிப்போடு மாஸ்கோவின் ஆவணக் காப்பகத்தில் கிடந்த அதை, 1992-இல்தான் ரஷ்யா செக் மக்களிடம் காட்டியது.

1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்கும் அழைப்பின் பேரிலேயே வந்ததாகச் சோவியத் சொன்னது. வந்த சில நாட்களில், டிசம்பர் 27 அன்று, அந்நாட்டின் அதிபர் அபிசுல்லா அமீனைச் சோவியத் வீரர்களே அவருடைய மாளிகையைத் தாக்கிக் கொன்றார்கள். விருந்தினரை அழைத்த வீட்டுக்காரர், அவர்களைப் போகச் சொல்லும் உரிமையோடும் உயிரோடும் இருக்கிறாரா என்று பார்த்தாலே அழைப்பின் தரம் விளங்கிவிடும்.

இராணுவக் கூட்டணியில் சேருவது பாதுகாப்பா, பொறியா?

அது உடன்படிக்கையின் சொற்களைவிட, சேர்ந்தவர்களுக்கு இடையே உள்ள வலிமை வேறுபாட்டைப் பொறுத்தது.

சொற்களிலிருந்தே தொடங்குவோம். 1949 ஏப்ரல் 4 அன்று அமெரிக்கா உள்ளிட்ட 12 மேற்கு நாடுகள் கையெழுத்திட்ட நேட்டோ உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, ஒருவர் மீதான தாக்குதல் அனைவர் மீதான தாக்குதலாகக் கொள்ளப்படும் என்கிறது. பலரும் அத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வருவது, ஒவ்வொரு நாடும் தான் தேவையென்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்பது. படை அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பரில் அமெரிக்கா தாக்கப்பட்டபோதுதான் கையிலெடுக்கப்பட்டது. சிறிய நாடுகளைக் காக்க எழுதப்பட்டதாகக் கருதப்பட்ட பிரிவு முதலில் பயன்பட்டது கூட்டணியில் ஆகப் பெரிய நாட்டுக்கு.

1955-இல் சோவியத் தலைமையில் தொடங்கிய வார்சா கூட்டணி ஐரோப்பாவில் கூட்டாக நடத்திய ஒரே பெரிய படையெடுப்பு, தன் உறுப்பு நாடான செக்கோஸ்லோவாக்கியாவின் மேல்தான். உறுப்பினராக இருந்தும் ருமேனியா அதில் சேர மறுத்தது.

இன்னும் பின்னால் போனால், இந்தியாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டம் நிற்கிறது. 1798-இல் ஐதராபாத் நிசாம் அதை ஏற்றார். பாதுகாப்புக்காகக் கம்பெனிப் படை அவர் நாட்டில் நிற்கும், செலவு அவருடையது, கம்பெனியைக் கேளாமல் வேறு யாரோடும் அவர் உறவு வைக்கக் கூடாது. இரண்டே ஆண்டுகளில் அந்தப் படையின் செலவுக்கு ஈடாகப் பெரும் நிலப்பரப்பைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். படை எடுக்காமலேயே நாடு பிடிக்கும் முறையாக அங்கே கூட்டணி செயல்பட்டது.

இதற்கு மாறான காட்சிகளும் உண்டு. அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளியான பிரிட்டன், வியட்நாமுக்குப் படை அனுப்புமாறு எவ்வளவு கேட்டும் அனுப்பவில்லை. கூட்டணி முறியவும் இல்லை.

கூட்டாளிகள் ஏன் பெரிய நாட்டின் போர்களில் சேர்கிறார்கள்?

பல நேரங்களில் போர் நடக்கும் நாட்டுக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இருப்பதில்லை. ஆஸ்திரேலியா வியட்நாமுக்குப் படை அனுப்பியதில், நாளை தனக்கு ஆபத்து வந்தால் அமெரிக்கா வர வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஈராக் போருக்கு எட்டு மாதங்களுக்கு முன், 2002 ஜூலை 28 அன்று, பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் அதிபர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பு, என்ன நேர்ந்தாலும் உங்களோடு இருப்பேன் என்று தொடங்குகிறது. அந்த வரியில் ஈராக் மக்கள் இல்லை. ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் விசாரணை அறிக்கை 2016-இல் வெளிவந்தபோதுதான் பிரிட்டிஷ் மக்கள் அதைப் படித்தார்கள். அதற்குள் 179 பிரிட்டிஷ் வீரர்களும், எண்ணிக்கையில் அவர்களைப் பன்மடங்கு விஞ்சும் ஈராக்கியரும் இறந்திருந்தார்கள்.

அந்நியப் படைத்தளங்களை ஒரு நாடு அகற்ற முடியுமா?

மக்களாட்சி நடக்கும் நாடு என்றால் முடியும். 1991 செப்டம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸ் மேலவை, தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை 12-க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது. அடுத்த ஆண்டே சூபிக் விரிகுடாவிலிருந்து அமெரிக்கக் கடற்படை வெளியேறியது. இந்தியப் பெருங்கடலின் தியகோ கார்சியா தீவில் நடந்தது இதற்கு நேர்மாறு. தளம் அமைப்பதற்காக அங்கே வாழ்ந்த சாகோஸ் மக்களே 1970-களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டார்கள். வாக்களிக்கும் மேலவை அவர்களுக்கு இருக்கவில்லை.

நேட்டோ விரிவடைந்ததால்தான் உக்ரைன் மீது போர் வந்ததா?

2008 ஏப்ரலில் புக்கரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று நேட்டோ அறிவித்தது. நாளும் குறிக்கவில்லை, பாதுகாப்பும் தரவில்லை. அது கவனமற்ற அறிவிப்பு என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் அதை 2022 பிப்ரவரி 24 படையெடுப்பின் முழுக் காரணமாகக் காட்டுவோர் இரண்டு செய்திகளுக்கு விடை சொல்ல வேண்டும். ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று அதிபர் புதின் 2021 ஜூலையிலேயே நீண்ட கட்டுரை எழுதினார். அதில் ஓடும் கவலை ஏவுகணைகளைப் பற்றியது மட்டுமன்று. அடுத்து, ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கும் மேல் எல்லை கொண்ட பின்லாந்து 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. அதன் மேல் படை பாயவில்லை. ஓர் அச்சத்தைப் புரிந்துகொள்வதும், அதன் பெயரால் நடந்த படையெடுப்பை ஏற்பதும் வேறு வேறு.

தலையிடாமல் இருப்பதற்கும் நோக்கம் உண்டா?

உண்டு; அதை விசாரிப்பவர்கள்தான் குறைவு. 1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ஆறு மாதம் கழித்து ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது வாஷிங்டனில் அந்த நினைவு மாறாமல் இருந்தது. கொலைகள் பரவிக்கொண்டிருந்த 1994 ஏப்ரல் 21 அன்று, அங்கிருந்த ஐ.நா. படையை ஏறத்தாழ 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவு செய்தது. கூடுதல் படை கேட்டு மன்றாடிய தளபதி ரோமியோ டலேர் அங்கேயே இருந்தார். இனப்படுகொலை என்ற சொல்லைச் சொன்னால் செயலில் இறங்க வேண்டிவரும் என்று அமெரிக்க அதிகாரிகள் அச்சொல்லையே தவிர்த்தார்கள். சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே ஆதாயம் தேடி யாரும் போகவில்லை. ஆதாயம் இல்லாததால்தான் போகவில்லை.

இலங்கைக்கு இந்திய அமைதி காக்கும் படை சென்றதன் நோக்கம் என்ன?

தமிழில் இந்த வாதம் நடக்கும் இடமெல்லாம் இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும். 1987 ஜூன் 4 அன்று, முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் உணவுப் பொருட்களைப் போட்டபோது, பசித்த மக்களுக்காக இந்தியா வந்தது என்றே அங்கிருந்தவர்கள் எண்ணினார்கள். தமிழ்நாட்டு மக்களின் கொதிப்பும் அந்த முடிவின் பின்னால் உண்மையாகவே இருந்தது.

ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எந்தத் தமிழ்த் தரப்பும் அதில் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தத்தைப் படிப்பவர்கள் அதனோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களையும் படிக்க வேண்டும். திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்தியாவின் நலனுக்கு ஊறாக எந்த நாட்டின் இராணுவமும் பயன்படுத்த விடக் கூடாது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்க வேண்டும். அந்நிய இராணுவ, உளவுப் பணியாளர்கள் குறித்தும் அந்நிய வானொலி நிலையங்கள் குறித்தும் இந்தியாவின் கவலையைத் தீர்க்க வேண்டும். இவை அந்தக் கடிதங்களின் உள்ளடக்கம். ஒரு நாடு தன் கடல் எல்லையை ஒட்டிய துறைமுகத்தைப் பற்றிக் கவலைப்படுவது குற்றமாகாது. தமிழர் உரிமையும் திருகோணமலையும் ஒரே மேசையில் வைக்கப்பட்டன என்பதையும், இரண்டாவது கோரிக்கைக்குரியவர்கள் மேசையில் அமர்ந்திருந்தார்கள், முதலாவதற்குரியவர்கள் அமர்ந்திருக்கவில்லை என்பதையும்தான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அக்டோபரில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அதே மாதம் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். காக்க வந்த படை என்ற சொல் யாழ்ப்பாணத்தில் அன்றோடு பொருளிழந்தது. இந்தியத் தரப்பிலும் ஏறத்தாழ 1,200 வீரர்கள் மாண்டார்கள்; எதற்காகச் செத்தோம் என்று அவர்கள் வீட்டாருக்கும் யாரும் விளக்கவில்லை. படையை அழைத்த கொழும்பு அரசே, பிரேமதாசா அதிபரான பின் வெளியேறச் சொன்னது. 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி கப்பலேறியது.

படை திரும்பும் நாளை வைத்து நோக்கத்தை அளக்க முடியுமா?

என் கருத்தில் ஆகச் சிறந்த அளவுகோல் அதுதான். 2011 மார்ச் 17 அன்று, லிபியாவின் பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளுக்கும் பாதுகாப்பு அவை அனுமதி தந்தது. பெங்காசி நகரை நோக்கி வந்த கடாஃபியின் படை சில நாட்களிலேயே விரட்டப்பட்டது. குண்டுவீச்சோ அக்டோபரில் கடாஃபி கொல்லப்படும் வரை நீடித்தது. அந்த அனுமதி ஆட்சியைக் கவிழ்ப்பதற்குப் பயன்பட்டதைக் கண்ட ரஷ்யாவும் சீனாவும் அதைக் காரணம் காட்டி, சிரியாவின் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அவையின் முடிவைத் தடுக்கும் வீட்டோவை உயர்த்தின. ஆப்கானிஸ்தானில், தேடிச்சென்ற பின் லாடன் 2011 மே மாதம் பாகிஸ்தானில் கொல்லப்பட்ட பின்னும் அமெரிக்கப் படை பத்தாண்டுகளுக்கு மேல் இருந்து, 2021 ஆகஸ்ட் 30 அன்று கிளம்பியது.

1972 ஜனவரியில் பாகிஸ்தான் சிறையிலிருந்து விடுதலையான முஜிபுர் ரகுமான், இந்தியப் படை எப்போது திரும்பும் என்று இந்திரா காந்தியிடம் கேட்டார். போர் முடிந்து மூன்று மாதம்கூட நிறையாத மார்ச் மாதத்தில், டாக்கா விளையாட்டரங்கில் அணிவகுத்து விடைபெற்றுக்கொண்டு அந்தப் படை ஊர் திரும்பியது.